நோவை அடக்கும் குளிசைகள்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சின் எழுத்துருவம்)



சமயச் சொற்பொழிவு கேட்கலாம் என்று வந்திருக்கும் பெரியோர் சிலர், பனடோலைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்து நிற்பதைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். ஆயினும் நம் கரையிலே விடியுமுன் கரைவலை இழுக்கப் போகும் ஒருவருடைய மடியை அவிழ்த்துப் பார்த்தால், வெற்றிலை பாக்கோடு இரண்டு குளிசைகளும் இருக்கக் காணலாம். உப்பளத்துக்குப் போகும் பெண்களின் சீலைத் தலைப்பிலும் அவை முடிந்திருக்கும். திருநீற்றுக்கு அடுத்தபடியாக எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள் எது என்று கேட்டால் குளிசை என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு நெருங்கிப் பழகும் ஒரு பொருளைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகக் கொஞ்சம்.

நோவு என்பது என்ன? முள் குத்தினாலும், மூட்டுத் தேய்ந்தாலும், கிருமி புகுந்தாலும் அந்த இடத்துக் கலங்கள் புரொஸ்டகிளாண்டின் என்னும் ஒருவகைப் பொருளைச் சுரக்கின்றன. அது அங்குள்ள நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடுகிறது. சாதாரணமாகத் தொட்டாலும் வலிக்கிறது. அவ்விடம் சிவந்து வீங்குகிறது. அதே பொருள் மூளையிலே சரீரத்தின் உஷ்ணத்தை நிர்வகிக்கும் இடத்தில் உண்டாகும்போது காய்ச்சல் எழுகிறது. ஆகவேதான் தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே குளிசை உதவுகிறது. இரண்டுக்கும் பின்னால் நிற்பது ஒரே ஆள்.

இந்த ஆளை மருந்து எவ்வாறு தடுக்கிறது என்பதை 1971ஆம் ஆண்டிலேதான் உலகம் அறிந்துகொண்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் வேன் என்னும் அறிஞர் அதனைக் கண்டுபிடித்து, 1982இல் வேறிருவருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். ஆனால் மருந்தோ அதற்கு எவ்வளவோ முந்தியது. 1763இல் எட்வேட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், அலரி இனத்ததன்று, வில்லோ எனப்படும் நீர்க்கரை மரத்தின் பட்டையை உலர்த்தித் தூளாக்கி, குளிர்காய்ச்சல் கண்ட ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கொடுத்துக் குணங்கண்டதாக எழுதினார். ஈரலிப்பான நிலத்திலே காய்ச்சல் மிகுதி. அந்த நிலத்திலேயே அதற்கு மருந்தையும் இறைவன் வைத்திருப்பான் என்பது அவருடைய எண்ணம். நமது பாட்டிமார் வேம்பையும் நிலவேம்பையும் பார்த்து இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டையின் சத்தை ஒத்த பொருளைத் திருத்தி 1897இல் ஜெர்மனியிலே பாயர் நிறுவனத்து ஆய்வுகூடத்தில் ஆக்கியதே அஸ்பிரின். 1899 முதல் அது விற்பனைக்கு வந்தது.

வேன் கண்டது இதுதான். புரொஸ்டகிளாண்டினை ஆக்குவதற்குச் சரீரத்தில் ஒரு நொதியம் உண்டு. அதனை ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்பிரின் அந்தப் பட்டறையின் கதவை ஆணியடித்து மூடிவிடுகிறது. பின்னர் வந்த இபுபுரூபன், டைக்ளோபினாக், மெபனமிக்கமிலம் முதலியன ஆணியடிப்பதில்லை. சில மணி நேரம் வாயிலை மறித்து நின்றுவிட்டு விலகிப் போகின்றன. வழி வேறானாலும் வேலை ஒன்றே. இவையெல்லாம் ஒரு குடும்பம்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் பட்டறை நோவை மட்டும் உண்டாக்கவில்லை. இரைப்பையின் உட்சுவரிலே ஒரு வழுவழுப்பான பூச்சு இருக்கிறது. இல்லாவிடின் உணவைக் கரைக்கும் அமிலம் நமது வயிற்றையே கரைத்துவிடும். அந்தப் பூச்சைப் பேணுவதும் புரொஸ்டகிளாண்டினே. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருங்காமல் வைத்திருப்பதும் அதுவே. நோவை நிறுத்தவென்று பட்டறையை மூடினால் இந்த நல்ல வேலைகளும் நின்றுபோகின்றன. பக்க விளைவு என்பது மருந்தோடு தற்செயலாகக் கலந்துவிட்ட விஷமன்று. மருந்து எந்தக் கையால் சுகம் தருகிறதோ அந்தக் கையாலேயே கேட்டையும் தருகிறது.

பனடோல் என்று நாம் அழைக்கும் பரசிற்றமோல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது பெரும்பாலும் மூளையிலும் நரம்பிலும் வேலை செய்கிறது. வீக்கத்தை அது அதிகம் குறைப்பதில்லை. வயிற்றைப் புண்ணாக்குவதில்லை. இரத்தம் உறைவதையும் வழமையான அளவிலே தடுப்பதில்லை. ஆகவே கடையிலே ஒரே தட்டில் அடுக்கியிருந்தாலும் இவை இரண்டு சாதி என்று மனதிற் கொள்ளுங்கள். சாதி பார்க்கக் கூடாது என்று போதிக்கும் மன்றத்திலே நாம் பார்க்கச் சொல்லும் சாதி இது ஒன்றுதான்.

இந்த வேற்றுமை உயிரோடு விளையாடுவது டெங்குக் காய்ச்சலிலே. 2017ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். டெங்குவிலே குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. காயத்தை அடைத்து இரத்தம் கசியாமல் காப்பவை அவையே. சுகதேகியின் ஒரு மைக்கிரோலீற்றர் இரத்தத்தில் 1,50,000க்குக் குறையாமல் இருக்க வேண்டிய சிறுதட்டுகள், டெங்குவிலே சில ஆயிரங்களுக்கும் இறங்கிவிடுவதுண்டு. அஸ்பிரின் செய்வதென்ன? மிஞ்சியிருக்கும் சிறுதட்டுகளையும் செயலிழக்கச் செய்கிறது. ஒரு சிறுதட்டின் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். அஸ்பிரின் பட்ட சிறுதட்டு அந்த ஆயுள் முடியும்வரை எழும்பாது. டைக்ளோபினாக்கும் இபுபுரூபனும் சில மணி நேரம் அவ்வாறே செய்வதோடு வயிற்றையும் புண்ணாக்கி இரத்தம் கசிய வழி திறக்கின்றன. எனவேதான் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினர் வருடந்தோறும் சொல்லி வருகின்றனர்.

ஆனால் நடப்பதென்ன? பிள்ளைக்குக் காய்ச்சல் 103 பாகையில் நிற்கிறது. பனடோல் கொடுத்தும் ஒரு பாகையே இறங்குகிறது. தாய்க்கு நெஞ்சு பதைக்கிறது. பக்கத்து வீட்டு மாமி, சென்ற மாதம் தன் மகனுக்கு வாங்கிய பின்வழியே வைக்கும் மருந்து ஒன்று மிஞ்சியிருப்பதாகக் கூறி அன்போடு கொண்டுவந்து தருகிறார். அது டைக்ளோபினாக். காய்ச்சல் ஒரு மணி நேரத்திலே விழுந்துவிடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். டெங்குவிலே ஆபத்துத் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் தறுவாயிலேதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதே. வயிற்று நோ, ஓயாத சத்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காய்ச்சல்தான் விட்டதே என்று வீட்டில் இருக்கக் கூடாது. காய்ச்சலை முற்றாக இறக்குவது நமது வேலையன்று. பனடோலைக் கணக்கோடு கொடுத்து, வெதுவெதுப்பான நீரால் உடலைத் துடைத்து, தேசிக்காய்த் தண்ணீரும் கஞ்சியும் இளநீரும் பருக்கி, மூன்றாம் நாளிலே இரத்தம் சோதிப்பித்தால் போதும்.

இருதய நோய்க்காகக் கிளினிக்கில் அஸ்பிரின் கொடுக்கப்பட்டிருக்கும் பெரியவர்கள் இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே அதை நிறுத்திவிட வேண்டாம். சிறிய அளவிலே அது செய்யும் அதே வேலைதான், இருதயக் குழாயில் இரத்தம் உறைவதைத் தடுத்து உங்களைக் காக்கிறது. காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதியாமல் வைத்தியரிடம் சென்று, நான் இந்தக் குளிசை எடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் தீர்மானிப்பார். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கோ காய்ச்சலுக்கென்று அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் ஒருங்கே தாக்கும் ஓர் அரிய வியாதி அதனால் வரக் கண்டிருக்கிறார்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். இதிலே பிறர் கதை சொல்ல வேண்டியதில்லை. எமது வீட்டுக் கதையே இருக்கிறது. எமது பாட்டனார் நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. பட்டணத்திலே ஒரு மருந்துக்கடையில் யாரோ சொல்லிக் கலவைக் குளிசை வாங்கினார். சிறு காகித உறை ஒன்றினுள் மூன்று நிறக் குளிசைகள், அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டுப் பெயர் பாதியாய் நின்றவை. உறையின்மேல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனையால் எழுதியிருந்தது, அவ்வளவே. இரண்டு நாளிலே மனிதர் இளைஞராகிவிட்டார். தோணியடிக்கு நடந்து போய் வந்தார். அந்தக் குளிசையைக் கொடுத்தவரைத் தெய்வம் என்றார். ஒரு கிழமை என்பது மூன்று கிழமையாயிற்று. திரௌபதை அம்மன் திருவிழாவுக்கு விரதம் பிடித்தார். குளிசையை மட்டும் விடவில்லை, வெறும் வயிற்றிலே விழுங்கினார். ஒரு நாள் காலை தாரைப் போலக் கரிய மலம் போயிற்று. முற்றத்திலே நடந்தவர் தலை சுற்றி விழுந்தார். ஆஸ்பத்திரியிலே இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள்.

வைத்தியர் உறையைக் கேட்டார். வெட்டுண்ட பெயர்களை நாம் கூட்டி வாசித்தோம். ஒன்று டைக்ளோபினாக். மற்றொன்று வேறு கம்பெனிப் பெயரைத் தாங்கிய அதே குடும்பத்துக் குளிசை. மூன்றாவது பிரெட்னிசொலோன். இது ஸ்ரிரோயிட் வகை. வேண்டிய நோய்க்கு வேண்டிய அளவில் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. கணக்கில்லாமல் எடுத்தால் முகம் ஊதும், சீனி வியாதி தலைதூக்கும், எலும்பு பொத்தலாகும். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. முதற் குடும்பத்தோடு இது சேரும்போது வயிற்றுப் புண்ணுக்கு இரட்டை வழி திறக்கிறது. பாட்டனாருக்கு இளமை தந்தது இதுதான்.

கடைக்காரரை ஏச வேண்டுமென்று ஆத்திரம் வந்தது உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தோம். பாட்டனாருக்கு ஆங்கிலம் தெரியாது. எமக்குத் தெரியும். மிஷன் பாடசாலையிலே பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலம் வாசித்துப் பரிசும் வாங்கியிருக்கிறோம். அந்த உறை மூன்று கிழமை எமது வீட்டுச் சாமித் தட்டின் ஓரத்திலே கிடந்தது. தினமும் கண்டோம், ஒரு நாளாவது எடுத்து வாசித்தோமில்லை. பாட்டனார் பிழைத்துக்கொண்டார். இன்று முன்வரிசையில் அமர்ந்தும் இருக்கிறார். அந்த மூன்று கிழமையை நினைக்கும்போதெல்லாம் எமக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நோவு ஒரு தூதன். கடலிலே வலை பாரில் மாட்டிக்கொண்டால், நீரில் நிற்பவர் கையை உயர்த்திக் கூவுகிறார். அவர் வாயைப் பொத்திவிட்டு இழுத்தால் வலைதான் கிழியும். முழங்கால் நோவை அடக்கிவிட்டு அதே முழங்காலோடு இன்னும் பத்து நாள் வலை இழுப்பதும் அவ்வாறே. பிழைப்புக்கு வேறு வழியில்லாதவரிடம் இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம் என்பதை அறிவோம். ஆகையால் எடுக்கவே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. சாப்பிட்டபின் எடுங்கள்; இயன்ற சிறிய அளவில், இயன்ற சில நாட்கள் எடுங்கள். முதலில் பரசிற்றமோலையோ பூச்சு மருந்தையோ பாருங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஆஸ்துமா உடையோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் இந்தக் குடும்பத்தைத் தொடவே வேண்டாம்.

சிறுநீரகத்தைப் பற்றி நம் கரையோரத்தார் தனியாகக் கேட்க வேண்டும். நல்ல வெயிலிலே வியர்த்து உடல் நீரை இழக்கும்போது, சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் காப்பது புரொஸ்டகிளாண்டினே என்று சொன்னோம். உப்பளத்திலே நண்பகல்வரை நின்றுவிட்டு, தண்ணீரும் குடியாமல், முதுகு நோவுக்கு டைக்ளோபினாக் விழுங்குபவர் அந்தக் காவலைத் தாமே விலக்கிவிடுகிறார். வாந்தியும் வயிற்றோட்டமும் உள்ள நாளிலும், நீரும் அருந்தாத விரத நாளிலும் இதே நிலைமைதான். இரத்த அழுத்தத்துக்கும் நீர் இறங்குவதற்கும் குளிசை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் ஒரு மடங்கு கூடும்.

இந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு மனிதரல்லாத ஒரு சாட்சியும் உண்டு. 1990களிலே இந்தியாவில் கழுகு இனங்கள் சில திடீரென அழியத் தொடங்கின. சில வருடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மறைந்தன. காரணம் 2004இல் வெளிவந்தது. நோவுக்காக டைக்ளோபினாக் ஊசி போடப்பட்ட மாடுகள் இறந்தபின், அவற்றின் இறைச்சியைத் தின்ற பறவைகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2006இல் இந்திய அரசு மாடுகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. இராவணனின் வாளுக்கு ஒரு ஜடாயு விழுந்ததைக் கேட்டுக் கண்ணீர் விடும் நாம், ஜடாயுவின் குலமே ஒரு குளிசை மருந்துக்கு விழுந்ததை அறியாமல் இருந்தோம். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மென்மையானதன்று. ஆயினும் மருந்து அதே மருந்து.

பனடோலைப் புகழ்ந்ததால் அது பால் போன்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஈரல் அதை அழிக்கும்போது ஒரு நச்சுப் பொருள் சிறிதளவு பிறக்கிறது. ஈரலிலே அதை முறிக்கும் சரக்கு உண்டு. குளிசை மிஞ்சினால் சரக்கு தீர்ந்துவிடும். நஞ்சு ஈரலைத் தின்னும். 500 மில்லிகிராம் குளிசையில் வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு. ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் ஒருபோதும் கூடாது. மெலிந்தவரும் தினமும் கள்ளோ சாராயமோ அருந்துபவரும் இதிலும் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயதைப் பார்க்காமல் நிறையைப் பாருங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு வேளை அளவு. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் ஒளிந்திருக்கிறது. அதையும் கணக்கிலே சேர்க்க வேண்டும். கோபத்திலே கைநிறைய விழுங்கியவர் முதல் நாள் சுகமாகவே இருப்பார். அதை நம்பக் கூடாது. மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அநேகமாகத் தப்பலாம். மானத்துக்கு அஞ்சி மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்பு நோவுக்கென்று வைத்தியர் எழுதும் பிரகபாலின் குளிசைகள் கற்பிட்டிப் பக்கத்திலே கடற்படையினரிடம் பிடிபட்ட செய்திகளை அண்மை ஆண்டுகளில் பத்திரிகைகளில் பலமுறை வாசித்திருப்பீர்கள். அவை நோயாளருக்காகக் கடல் கடந்து வரவில்லை. திரமடோல் என்பதும் அத்தகையதே. அது அபினின் வழிவந்த இனம். இவை நோவின் பட்டறையைத் தொடுவதில்லை, மூளையையே தொடுகின்றன. பழகிவிட்டால் விட முடியாது. மதுவோடு சேர்ந்தால் உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். யாருக்காகச் சொல்கிறோம் என்பது இங்கே பின்வரிசையில் இருக்கும் சிலருக்கு விளங்கும்.

நம் நாட்டிலே பேராசிரியர் சேனக பிபிலே என்றொரு பெரியார் இருந்தார். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பெனிகள் சூட்டும் அலங்காரப் பெயர்களால் அல்லாமல், மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்று வாதாடியவர். ஏழைக்கு மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம். ஆனால் சொந்தப் பெயரை அறிந்திருந்தால் எமது பாட்டனார் ஒரே மருந்துக் குடும்பத்தை இரண்டு பெயரில் விழுங்கியிருக்க மாட்டார். அட்டையிலே பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். அந்தச் சிறிய எழுத்து ஆங்கிலத்திலே இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர் இப்போது நம் கரையில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவராவது இருக்கிறார்.

ஆகையால் மன்றத்தின் சார்பில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை முடிந்ததும் இம்மண்டபத்திலே மேசை போட்டு அமர்வோம். வீட்டிலுள்ள அட்டைகள், உறைகள், போத்தல்கள், பெயர் தெரியாத வெட்டுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டு எடுத்து வாருங்கள். எது எது என்று வாசித்து, கொட்டை எழுத்துத் தமிழிலே எழுதி ஒட்டித் தருகிறோம். நிறுத்து என்றோ எடு என்றோ நாம் சொல்ல மாட்டோம். சந்தேகமானவற்றை வைத்தியரிடம் காட்டும்படி குறித்து வைப்போம். எமது பாட்டனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காகித உறையை அவர் இன்னும் எறியவில்லை.